பூட்டிய கேட்டுக்கு உள்ளே ஓர் அறிவிப்பு

ஜூன் 7, திங்கள்

தலைமையாசிரியை அவர்களுக்கு,

உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். பெற்றோர் எதுவானாலும் எழுதி மதில் சுவரில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும், நேரில் வந்து நிற்கக் கூடாது, போன் செய்யக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். பெட்டியை வெள்ளிக்கிழமைதான் திறப்பீர்கள் என்பதும் தெரியும். அதுவரை என் கோபம் ஆறிவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

இன்று பள்ளி திறக்கும் நாள். நீங்கள் சொன்ன தேதிதான். என் பல் கிளினிக்கில் கன்னம் வீங்கிப் போன ஒருவரை உட்கார வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் இல்லை. என்னைப்போல இன்னும் இருபது முப்பது பேர், புதுச் சீருடை, புதுப் பை, முகத்தில் பவுடர் சகிதம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கண்டக்டராக இருக்கும் ஓர் அம்மா, "டியூட்டிக்கு லேட்டாகுது, இவனை எங்க கொண்டுபோய் விடுறது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்குத் தெரியும்?

உள்ளே, மைதானத்தைத் தாண்டி, உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு வெள்ளைத் தாள் தெரிந்தது. ஒருவர் போன் கேமராவைக் கம்பிக்குள் நுழைத்து, பெரிதாக்கி, சத்தமாக வாசித்தார். பராமரிப்பு வேலை காரணமாகப் பள்ளி பதினாலாம் தேதி திறக்கப்படுமாம்.

பள்ளி மூடியிருக்கிறது என்ற செய்தியைப் பள்ளிக்கு உள்ளே ஒட்டிவிட்டு வெளியே பூட்டியிருக்கிறீர்கள். கேட் திறந்திருந்தால் அதை வாசிக்கலாம். திறந்திருந்தால் அதை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. இதை யோசித்துக் கண்டுபிடிக்க எத்தனை பேர் கூடி உட்கார்ந்தீர்கள்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அரையாண்டு விடுமுறை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு கொடுங்கள். என் மனைவி சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்போல இருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கரைக்கு வருவாள். எப்போது வருகிறாள் என்பதை இப்போதே கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. அந்த இரண்டு வாரமும் மகள் அவளோடு வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்


ஜூன் 11, வெள்ளி

பெற்றோர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் விஷயம் இரண்டு வரி, வசை இரண்டு பக்கம். வசையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விஷயத்துக்குப் பதில் சொல்கிறேன்.

பள்ளி திறப்பு தள்ளிப்போனது பலகையில் முறைப்படி ஒட்டப்பட்டது. எங்கு ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டியாயிற்று. கடைசி வேலை நாளன்று பெற்றோர் கூட்டத்திலும் வாய்விட்டே சொன்னேன். தாங்கள் வரவில்லை. பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்பது தங்கள் கௌரவத்துக்கு ஆகாது என்று நினைக்கிறேன். ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர், சொந்தக் காதைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் அன்று வாசலில் நின்றிருக்க வேண்டாம்.

அரையாண்டு விடுமுறை: அக்டோபர் 4, திங்கள் முதல் அக்டோபர் 17, ஞாயிறு வரை.

இன்னொன்று. நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது இந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. "தெரியாதவர்போல" என்றெல்லாம் குத்தலாக எழுத வேண்டாம். கடிதங்களைப் பிரித்து அடுக்குவது கிளார்க். இந்தப் பதிலை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன், அலுவலகத்தில் அவருடைய மேஜைக்குப் பின்னால் இருக்கும் அடுக்கில் இருக்கும். பெற்றோர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

தலைமையாசிரியை


ஜூன் 16, புதன்

தலைமையாசிரியை அவர்களுக்கு,

பதிலை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். பெட்டியில் போட்டால் அடுக்கில் முளைக்கிறது. தபால்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகலாம்.

கூட்டத்துக்கு அழைப்பு எங்கே இருந்தது என்று கிளார்க்கைக் கேட்டேன். "போர்டுலதான் சார் ஒட்டியிருந்தோம்" என்றார். பிள்ளைகளைக் கேட்டில் விட்டுவிட்டு ஓடுகிற நாங்கள் மைதானத்தைத் தாண்டிப் பலகை பார்க்கப் போக முடியாது. பதில் வாங்க அலுவலகத்துக்கு என்று சொன்னால்தான் வாட்ச்மேன் உள்ளேயே விடுவார். அதுவும் உங்கள் சட்டம்தான்.

தேதியைக் கப்பலுக்குச் சொல்லிவிட்டேன். அக்டோபர் 2ஆம் தேதி இறங்கி 17ஆம் தேதி சாயங்காலம் திரும்பிப் போவாள். உறுதி செய்து கையெழுத்தும் போட்டுவிட்டாள். மகள் இப்போதே எதை எந்த நாளில் செய்வது என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாளாம். பிறகு அம்மா இவளுக்கு வாரிவிட வேண்டுமாம், இவ்வளவு நாளும் இவள் தலையில் நான் கோணல் வகிடு எடுத்துக் கெடுத்துவிட்டேனாம்.

தேதி கொடுத்ததற்கு நன்றி. பலகையை வெளியே வைத்தால் இன்னொரு நன்றியும் சொல்வேன்.

ஒரு பெற்றோர்


செப்டம்பர் 27, திங்கள்

அக்கா,

கிளார்க் படிக்கட்டும். ஊரே படிக்கட்டும். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

இன்று மகள் வந்து, "அப்பா, நாலாம் தேதிலேர்ந்து எக்ஸாம், பதினஞ்சு வரைக்கும். லீவு அதுக்கப்புறம்தானாம்" என்றாள். சொல்லும்போதே உதடு பிதுங்கிவிட்டது. யாரோ கிண்டல் செய்திருப்பார்கள் என்று நினைத்து, அந்தக் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பையனும் அதையேதான் சொன்னானாம். விடுமுறை பதினெட்டாம் தேதிதான் தொடங்குகிறதாம்.

அவள் அம்மா பதினேழாம் தேதி போகிறாள், அக்கா.

அறிவிப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராக வந்தேன். வாட்ச்மேன், "கேட்டுலயே ஒட்டியிருக்கே சார், ரெண்டு வாரமா" என்றார். எங்கே என்று தேடினேன். கேட்டின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறீர்கள். காலையில் கேட்டைத் திறந்து வெளியே மதிலோடு மதிலாகச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளை விடும்போதும் கூப்பிட வரும்போதும் கேட் திறந்துதான் கிடக்கும். எல்லோரும் போன பிறகு சாத்துவார்கள். அப்போது தாள் தெருவுக்குத் தெரியும். தெருநாய் வாசித்துக்கொள்ளும். உள்ளே ஒட்டாதே என்று சொன்னதற்கு இப்படி ஒரு பதிலா? இதை வேண்டுமென்றே செய்யவும் ஒரு மூளை வேண்டும், தெரியாமல் செய்யவும் ஒரு மூளை வேண்டும். உன்னிடம் இருப்பது எது என்று எனக்குப் புரியவில்லை.

இல்லை, புரிகிறது. குழந்தையின் முதல் பிறந்தநாளில் அத்தனை பேர் இருக்கையில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பெத்ததைப் போட்டுட்டுக் கடலுக்குப் போறவ எல்லாம் ஒரு அம்மாவா?" அன்றோடு உன் வீட்டுப் பக்கம் வருவதை விட்டேன். அருகில் வேறு பள்ளி இருந்திருந்தால் இந்த வாசலையும் மிதித்திருக்க மாட்டேன். அன்று வாயால் சொன்னதை இன்று தேதியால் சொல்கிறாய்.

மகளுக்கு நாலாம் தேதியிலிருந்து விடுப்பு கொடு. பரீட்சையைப் பிறகு எழுதட்டும். இது ஒன்றும் உலகத்தில் இல்லாதது இல்லை.

தம்பி


அக்டோபர் 1, வெள்ளி

பெற்றோர் அவர்களுக்கு,

விடுமுறை மாறியது என் விருப்பத்தால் இல்லை. பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். பெயிண்டர் அக்டோபர் நடுவில்தான் வர முடியும் என்றாராம். தாளாளர் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டார். பள்ளி நடத்துவது பெயிண்டருக்காகவா பிள்ளைகளுக்காகவா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "சுவர் அழகா இருந்தாத்தான் மேடம் அட்மிஷன் வரும்" என்றார். அந்த ஆளிடம் அதற்குமேல் பேசுவது சுவரிடம் பேசுவதற்குச் சமம்.

கேட் விஷயத்தில் வாட்ச்மேனைக் கண்டித்திருக்கிறேன்.

விடுப்பு கிடையாது. பரீட்சை எழுதாத பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதில்லை என்பது எல்லோருக்கும் ஒரே விதி. நாளைக்கு யாராவது தோண்டி எடுத்து, "ஓ, அத்தைக்காரி பள்ளிக்கூடமா, அதான்!" என்று சொல்ல நான் இடம் கொடுக்க மாட்டேன்.

அந்தப் பிறந்தநாளை இழுத்ததால் கேட்கிறேன். நான் சொன்னதில் எது பொய்? வருஷத்துக்கு ஒரு முறை வந்து பொம்மை கொடுத்துவிட்டுப் போவதற்கு என்ன பெயர்? எட்டு வயதுப் பெண்ணுக்குத் தலை வாரத் தெரியாத ஒருத்தன் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு ரோஷம் மட்டும் குறைவில்லை.

நாலாம் தேதியிலிருந்து தேர்வு முடியும்வரை பெற்றோர் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வர அனுமதி இல்லை.

தலைமையாசிரியை


அக்டோபர் 2, சனி

அக்கா,

அவள் இன்று காலை வந்துவிட்டாள். உன் கடிதத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. நான் பிள்ளையை அனுப்பப் போவதில்லை, ஃபெயில் போட்டால் போடட்டும், அக்கா பள்ளியை அக்காவே கட்டிக்கொண்டு அழட்டும் என்று குதித்தேன்.

அவள் சொன்னாள்: "வேணாம். பிள்ளை படிப்பைக் கெடுத்தவங்கிற பேரையும் அவங்க வாயால நான் வாங்கணுமா? அவ பரீட்சை எழுதட்டும். நான் கொண்டுபோய் விட்டுட்டு எதிர்லயே உக்காந்திருக்கேன்."

அப்படியே ஆகட்டும். நீ ஜன்னலைத் திறந்தால் எதிரே, பூட்டிக் கிடக்கிற தையல் கடைப் படியில் அவளைப் பார்க்கலாம். அம்மா என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள். பாடப் புத்தகத்தில் அது இருக்காது.

தம்பி


அக்டோபர் 6, புதன்

தம்பிக்கு,

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பழிப்பைப் படித்தேன்.

மூன்று நாளாக என் ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் நாடகம் என்றுதான் நினைத்தேன். எத்தனை நேரம் தாங்கும் என்று பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். வெயில் ஏற ஏறப் படியில் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறாள். போனை எடுப்பதில்லை. யாரிடமும் பேசுவதில்லை. இடைவேளை மணி அடித்தால் எழுந்து நின்று கேட் கம்பி வழியாகப் பார்க்கிறாள். உன் மகள் ஓடிவந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. இரண்டும் பேசிக்கொள்வது எனக்குக் கேட்பதில்லை. நேற்று கம்பிக்குள் கையை விட்டு அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தது உன் மகள். மணி அடித்தும் வாட்ச்மேன் விரட்டவில்லை. அவனைக் கூப்பிட்டுத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். திட்டவில்லை.

எனக்கு இது பார்க்கச் சகிக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே, என் கண்ணுக்கு முன்னால் ஒரு ஆள் தினமும் உட்கார்ந்திருந்தால் வேலை ஓடாது.

நாளையிலிருந்து உன் மகள் வர வேண்டாம். மிச்சப் பரீட்சைகளை விடுமுறை முடிந்ததும் என் அறையில் உட்கார்ந்து எழுதட்டும். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தாளாளர் கேட்டால் அவருக்கும் சொல்வேன்.

பிள்ளையிடம் சொல்லி அனுப்பவில்லை. பெரியவர்கள் விவகாரத்தைப் பிள்ளை வாயில் கொடுத்து அனுப்பும் பழக்கம் என் பள்ளியில் இல்லை. கடிதத்தைக் கிளார்க்கிடம் கொடுத்திருக்கிறேன், வழக்கம்போல அடுக்கில் இருக்கும். எடுத்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 11, திங்கள்

அக்கா,

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு எரியும்.

நேற்று ஞாயிறு. அவள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகளோடு முழு நாள் என்று கிடைத்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதிலும் நேற்று பாதி நாள் கணக்குப் பாடம் படிக்க வைத்தோம், இன்றைக்குப் பரீட்சையாம். அம்மா வீட்டில் இருக்கும்போது வகுத்தல் கணக்குப் போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு வரும்? அழுதாள். இவளும் அழுதாள். நான் கிளினிக்குக்குப் போய்விட்டேன், ஞாயிறு என்று தெரிந்தே போனேன்.

நீ ஜன்னலிலிருந்து பார்க்கிறாய் என்று அவள் சொல்கிறாள். "திரையை விலக்கிப் பாக்குறாங்க. பாத்துட்டு மூடிடுறாங்க" என்றாள். பார்த்தும் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை பார், அதைத்தான் நான் வியக்கிறேன். இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இருக்கிறாய். ஒரு தூசி ஒட்டவில்லை.

தம்பி


அக்டோபர் 18, திங்கள்

இன்று காலை உன் கிளார்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். கடைவாய்ப் பல், சீழ் பிடித்துவிட்டது. நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். "மேடம் குடுத்தது சார். அடுக்குலயே கெடந்துச்சு. எக்ஸாம் டயத்துல பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாதுல்ல, அதான் நீங்க வந்து எடுக்கலை. எப்படியும் உங்ககிட்டதானே வர்றோம்னு கையோட எடுத்துட்டு வந்தேன்."

ஆறாம் தேதி போட்ட கடிதம்.

அவருக்குப் பல்லைப் பிடுங்கி, மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகு உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் நேற்றுச் சாயங்காலம் போய்விட்டாள்.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதை உள்ளே வைத்தவளும் நீ. ஜூன் மாதம் முதல் மூன்று முறை இதையே செய்திருக்கிறாய். முதல் இரண்டு முறை எனக்குக் கோபமாவது வந்தது.

ஆறாம் தேதிக்குப் பிறகும் அவள் தினமும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். உனக்கு அது தெரியும். தெருவைத் தாண்டினால் அவள். ஒரு பஸ் போகிற அகலம்தான் அந்தத் தெரு. வந்து, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல உன் கால் வரவில்லை. நீயெல்லாம் இத்தனை பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாய்.

பெட்டி இருந்த இடத்தில் இப்போது பெட்டியும் இல்லை. பெயிண்டர்கள் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் இதைக் கிளார்க்கிடமே கொடுத்தனுப்புகிறேன். பல் பிடுங்கிய இடத்தைக் காட்ட அவர் திரும்பி வர வேண்டியிருக்கிறது.


அக்டோபர் 20, புதன்

தம்பி,

போன வெள்ளிக்கிழமை பரீட்சை முடிகிற அவசரத்தில் பெட்டியைத் திறக்கவில்லை. இன்றுதான் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தேன். உன் பதினோராம் தேதிக் கடிதம் அதற்குள் இருந்தது. அதையும் படித்தேன். கிளார்க் கொண்டுவந்ததையும் படித்தேன்.

ஏழாம் தேதி காலையில் உன் மகள் பையோடு வந்து வரிசையில் நின்றாள். அடுக்கில் வைத்தாயிற்றா என்று கிளார்க்கைக் கேட்டேன். "வெச்சாச்சு மேடம்" என்றார். வைத்தாயிற்று என்றால் கொடுத்தாயிற்று என்றுதான் என் மண்டையில் பதிந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. நீங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவ என்ன நமக்குப் பிச்சை போடுறது?" என்று வீம்புக்குத்தான் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்று முடிவு கட்டினேன். என்ன திமிர் என்று நினைத்தேன். இறங்கி வந்தும் மதிக்கவில்லையே என்று நானும் திரையை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் கேட் வரைக்கும் வந்தேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் வந்தேன். அவள் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். முதலில் அவள் பேசட்டும், வயதில் மூத்தவள் நானா போய் நிற்பது என்று அங்கேயே நின்றேன். அவளும் பேசவில்லை. நான் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் ஏன் பேச வேண்டும்? வாட்ச்மேனிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அங்கே செடியே இல்லை.

படித்த முட்டாள் என்று என்னைச் சொல்லிக்கொள். நான் அதைவிடக் கேவலமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் அவள் எப்போது வருகிறாள் என்று முதலில் அவளைக் கேள். அவள் தேதியைச் சொல்லட்டும், விடுமுறையை நான் அதற்குப் போடுகிறேன். தாளாளர் வேண்டுமானால் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டே சுவருக்குப் பெயிண்ட் அடிக்கட்டும். தேதியை எழுதி அனுப்ப வேண்டாம். நானே கிளினிக்குக்கு வருகிறேன். வரலாமா?

அக்கா


அக்டோபர் 22, வெள்ளி

அக்கா,

அடுத்த வருஷத்துக்குத் தேதி இல்லை. கப்பலில் ஏறுவதற்கு முன்னால் கம்பெனி ஆள் ஒரு படிவத்தை நீட்டிக் கேட்டான், அடுத்த விடுப்பு எப்போது என்று. அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் சொல்ல ஒரு தேதி இல்லை. எதை நம்பிச் சொல்வது? "பிள்ளைக்கு லீவு எப்பன்னு தெரியாம நான் எதைச் சொல்ல? வந்து படிக்கட்டுல உக்காரவா?" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். அவளுக்கு வர வேண்டிய விடுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அதற்கு அடுத்த வருஷம்தான். அப்போது மகள் ஐந்தாம் வகுப்பில் இருப்பாள்.

இதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளினிக்குக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. விடுமுறைதானே, அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில்தான் இருக்கிறாள். உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "குட்மார்னிங் மிஸ்" என்பாள். நீ யார் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. அதையாவது நேரில் வந்து உன் வாயால் சொல்.

தம்பி